புலே கேட்ட இரண்டு பாடங்கள்

(லாலாகுடாவில் நடைபெற்ற நம் சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதம் ஜோதிராவ் புலேயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன் ஒரு தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார். "பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார், சாதியை எதிர்த்தார். ஏப்ரல் 11 வந்தால் எல்லா மேடையிலும் அதைத்தான் சொல்கிறார்கள். நாமும் அதையே சொல்ல வேண்டுமா?" என்றார். கேள்வி நியாயமானது. இந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிப் பள்ளிகளின் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. முதலமைச்சரின் இல்லமாக இருந்த மாளிகைக்கே 2023 டிசம்பரில் அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெயரைப் பலகையில் ஏற்றிய பிறகு ஆளை மறந்துவிடுவது நம் நாட்டு வழக்கம். ஆகவே இன்று பள்ளிக்கூடக் கதையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, புலே பேசிய வேறு இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று வயல், மற்றொன்று சாக்கடை.

இரண்டுக்கும் என்ன உறவு என்று நினைக்க வேண்டாம். அவரே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். 1882ஆம் ஆண்டு ஹண்டர் என்பவர் தலைமையில் கல்விக் குழு ஒன்று நாடெங்கும் சாட்சியம் கேட்டு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் புலே அதற்கு ஒரு மனு கொடுத்தார். குடியானவன் கட்டும் வரியிலிருந்து வருகிற பணம் மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குப் போகிறது, வரி கட்டியவன் பிள்ளைக்கு எழுத்தறிவுகூட இல்லை என்பது மனுவின் அடிப்படை. கிராமப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் பட்டியல் போடுகிறார். எழுத்து, வாசிப்பு, கணக்கு, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் புவியியல், இலக்கணம். அதோடு விவசாயத்தின் அடிப்படை அறிவு, நல்லொழுக்கம், சுகாதாரம். பள்ளியை ஒட்டிச் சிறிய மாதிரிப் பண்ணை ஒன்று இருந்தால் பிள்ளைகள் கையால் செய்து கற்பார்கள் என்கிறார். ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதையும் விடவில்லை. கலப்பையின் மேழியையோ தச்சனின் வாய்ச்சியையோ பிடிக்க வெட்கப்படாதவராக, உழைக்கும் குடிகளிலிருந்து வந்தவராக இருக்க வேண்டுமாம். கூலி சரியாகக் கொடுக்காவிட்டால் நல்லவர் வரமாட்டார் என்று சம்பளக் கணக்கையும் சேர்த்தே எழுதினார். பன்னிரண்டு ரூபாய்க்குக் குறையக் கூடாது, பெரிய ஊரானால் பதினைந்து, இருபது. தொழிற்சங்கத்தில் பழகிய நமக்கு அந்த மனுவைப் படிக்கும்போது பழக்கப்பட்ட குரல் கேட்கிறது.

அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னைக்கு அருகே சைதாப்பேட்டையில் 1865இல் அரசு பரிசோதனைப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. 1876இல் அங்கேயே விவசாயப் பள்ளி வந்தது. 1906இல் அது கோயம்புத்தூருக்குப் போனது. அங்கே படிப்பு ஆங்கிலத்தில். நல்ல ஆராய்ச்சிகள் அங்கே நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் செங்கற்பட்டுக் குடியானவன் பிள்ளை அந்த வாசலை எப்படி மிதிப்பான்? புலே கேட்டது வேறு. கிராமத்துத் திண்ணையிலேயே அந்த அறிவு கிடைக்க வேண்டும் என்றார். விவசாய விஞ்ஞானம் வேண்டும் என்று சொன்னவர்கள் அன்று பலர் இருந்தார்கள். அதை உழுகிறவன் கையில் கொடுக்க வேண்டும் என்றவர்கள் மிகச் சிலர்.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி என்ன என்று கேட்கலாம். 1827இல் பூனாவில் பிறந்தவர். மாலி வகுப்பு, அதாவது தோட்டக்காரர் குடும்பம். பேஷ்வா அரண்மனைக்குப் பூக் கொடுத்து வந்ததால்தான் 'புலே' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அவர் ஒப்பந்ததாரராகப் பாலமும் கட்டிடமும் கட்டியிருக்கிறார். பூனாவை அடுத்த கடக்வாசலா அணை வேலைக்குப் பொருள் கொடுத்திருக்கிறார். அந்தக் கால்வாய் நீரைக் கொண்டு மாஞ்சரி கிராமத்தில் சொந்தமாகப் பயிரும் செய்தார். எஞ்சினீயர் எப்படிக் கணக்கெழுதுகிறார், குமாஸ்தா எவ்வளவு எடுத்துக்கொள்கிறார், கல்லுடைக்கும் கூலிக்கு மிச்சம் என்ன என்பதெல்லாம் அவர் அருகில் நின்று பார்த்தது. ஆகவே பாசன இலாகாவை அவர் தாக்கியபோது பதில் சொல்வது எளிதாக இருந்திருக்காது.

அவர் காலத்து தக்காணம் எப்படி இருந்தது? 1875 மே மாதம் சூபா என்ற ஊரில் தொடங்கி, பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் குடியானவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் பத்திரங்களைப் பிடுங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்கடுத்த ஆண்டு பஞ்சம். 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் நம் சென்னை மாகாணத்தையும் சேர்த்து விழுங்கிய அதே பஞ்சம், நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது. புலேயும் அவர் தோழர்களும் அப்போது தன்கவடியில் அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் முகாம் நடத்தினார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து எழுந்ததுதான் 1883இல் அவர் எழுதி முடித்த 'சேத்கர்யாச்சா ஆசூட்'. உழவனின் சாட்டை என்று பொருள். புத்தகமாக வெளிவருவதற்கு முன்பே அதை ஊர் ஊராகப் போய்ப் படித்துக் காட்டினார். பம்பாய், பூனா, தாணே, ஜுன்னர், ஹடப்சர் என்று பல இடங்களில். எழுத்தறியாத மக்களுக்கான புத்தகத்தை வேறு எப்படி வெளியிடுவது? பரோடா மன்னர் சாயாஜிராவும் கேட்டார். அவருடைய சீடரான நாராயண் மேகாஜி லோகாண்டே தாம் நடத்திய 'தீனபந்து' ஏட்டில் முதல் இரண்டு அத்தியாயங்களை அச்சிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அரசு என்ன செய்யுமோ என்ற அச்சம். புலேக்குக் கடுங்கோபம் வந்தது. சொந்தத் தோழரையே கோழை என்று எழுதினார். அவர் வாழ்நாளில் நூல் முழுமையாக அச்சேறவில்லை. பத்திரிகை நடத்துகிற நமக்கு லோகாண்டேயின் நிலையும் புரிகிறது, புலேயின் கோபமும் புரிகிறது.

அந்த நூலில் பார்ப்பனக் குமாஸ்தாவையும் வெள்ளை அதிகாரியையும் சாடும் பகுதிகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தை யாரும் படிப்பதில்லை. அங்கேதான் என்ன செய்ய வேண்டும் என்று வேலைத்திட்டம் கொடுக்கிறார். நாம் அதை நிதானமாகப் பார்ப்போம்.

மண் ஏன் களைத்தது? மக்கள் பெருகியதால் நிலத்தை முறை வைத்துத் தரிசாகப் போட்டு ஆற விட முடியவில்லை. ஆண்டாண்டும் விதைத்தால் சாரம் எங்கிருந்து வரும்? மாடு குறைந்தது, சாணம் குறைந்தது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் மலையிலிருந்து இலைதழையும் பூவும் செத்த பூச்சியும் சாணமும் கரைந்து வந்து வயலில் படியும். காட்டு இலாகா வந்து மலையையும் மேய்ச்சல் நிலத்தையும் வளைத்துக்கொண்டது. காடு போனதால் குடியானவனுக்கு எரு மட்டுமா போயிற்று? நிலமில்லாத ஏழை காட்டில் அத்திப்பழமும் நாவற்பழமும் பொறுக்கி, சுள்ளி விற்று, ஒரு பசுவும் இரண்டு ஆடும் வளர்த்து, தன் ஊரிலேயே கிடந்து பிழைத்தான். அந்த வழியும் அடைபட்டது. அதோடு இங்கிலாந்திலிருந்து வந்த சாமான் கைத்தொழில்காரனையும் வீட்டுக்கு அனுப்பியது. இவ்வளவையும் ஒரே சங்கிலியாக அவர் கோத்துக் காட்டுகிறார்.

பரிகாரம் என்ன? வேலையில்லாமல் முகாமில் உட்கார்ந்திருக்கும் சிப்பாய்களையும் போலீஸ்காரர்களையும் கொண்டு ஊர்தோறும் சிறு சிறு தடுப்பணைகள் கட்டச் சொல்கிறார். கறுப்புச் சிப்பாய், வெள்ளைச் சிப்பாய் என்று பேதம் பார்க்கவில்லை, இருவரையும் மண் சுமக்கச் சொல்கிறார். அந்த இடத்தை அவர் ஊரில் படித்துக் காட்டியபோது கூட்டம் சிரித்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. மழைநீர் வயலில் ஊறி, பிறகு மெல்ல ஓடைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆறு குளங்களில் படிந்த வண்டலை முன்போலக் குடியானவர்கள் அள்ளிக்கொள்ள விட வேண்டும். கையகப்படுத்திய மேய்ச்சல் நிலத்தை ஊருக்குத் திருப்ப வேண்டும். நீரோட்டம் பார்க்கத் தெரிந்தவர்களைக் கொண்டு எந்த ஊரில் எங்கே ஊற்று இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், கிணற்றைக் குடியானவன் தானே வெட்டிக்கொள்வான் என்கிறார். கால்வாய்த் தண்ணீரை அவரவர் வயலுக்கு வேண்டிய அளவு குழாய்த் திறப்பு வைத்து அளந்து விட வேண்டும் என்கிறார். கால்நடைக் கண்காட்சி, நன்றாகப் பயிர் செய்தவனுக்குப் பரிசு, குடியானவன் பிள்ளைகளை வெளிநாட்டு விவசாயப் பள்ளிகளுக்கு அனுப்புதல் என்று பட்டியல் நீள்கிறது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2015இல், இதே தெலங்கானாவில் 'மிஷன் காகதீயா' என்று ஏரிகளைத் தூர்வாரி வண்டலை வயலுக்குக் கொண்டுபோனார்கள். புதிய திட்டம் என்று விளம்பரம் வந்தது. திட்டம் நல்லதுதான். புதிதல்ல.

ஐரோப்பாவிலும் இந்தக் கேள்வி எழுந்த காலம் அது. 1840இல் ஜெர்மன் வேதியல் அறிஞர் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மண் செத்துவிடும் என்று எழுதினார். பிறகு லண்டனின் சாக்கடை நாட்டின் எருவையெல்லாம் கடலில் கொட்டுகிறது என்று திட்டினார். தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் 1858 கோடையில் பாராளுமன்றமே திண்டாடிய கதை பலருக்குத் தெரியும். வயலும் சாக்கடையும் ஒரே கணக்கின் வரவு செலவு என்பது விஞ்ஞானத்தின் பாஷை. புலே அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: அந்தக் கணக்கை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியை.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். 1868இல் பூனாவில் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். இதைச் சமூகச் சீர்திருத்தம் என்று மட்டும் பாடநூல்கள் எழுதுகின்றன. சுகாதாரச் சீர்திருத்தமும் அதுவே. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத சேரிக்குச் சுத்தத்தைப் பற்றி உபதேசம் செய்து என்ன பயன்? 1876இல் அரசு அவரைப் பூனா நகராட்சி உறுப்பினராக நியமித்தது. 1880இல் வைஸ்ராய் லிட்டன் வருகைக்கு ஊரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிட நகராட்சி முடிவு செய்தது. முப்பத்திரண்டு பேர் இருந்த சபையில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. அதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள் என்றார். அதே ஆண்டு, ஊருக்குள் சாராயக் கடைகள் பெருகுவதை எதிர்த்து நகராட்சிக்கு எழுதினார். மக்கள் உடல்நலத்துக்கென்று ஒரு கையால் பணம் செலவிட்டுக்கொண்டு, மறு கையால் கெடுப்பது என்ன நியாயம் என்பது அவர் வாதம். பணிமனைச் சம்பளநாள் மாலையில் நம் தெருமுனையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிற தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புலே 1890 நவம்பரில் மறைந்தார். பாடத்தின் மிச்சத்தை அவர் துணைவியார் நடத்திக் காட்டினார். 1897இல் பூனாவில் பிளேக். வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்த் ஊருக்கு வெளியே மருத்துவமனை வைத்தார். மாஹர் சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் தாமே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். அந்த நோய் அவரையே பற்றி, மார்ச் 10 அன்று உயிரைக் கொண்டுபோயிற்று. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்தான், பம்பாயில் பிளேக் நோயாளிகளுக்கு உழைத்த லோகாண்டேயும் அதே நோயில் மாண்டிருந்தார். ஆம், புலே கோழை என்று சொன்ன அதே லோகாண்டே. 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர், அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைக்கப் போராடியவர். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டம் போட முடிகிறதே, அவரை நாம் கோழை என்று சொல்லக் கடமைப்படவில்லை.

அதே 1897 ஆகஸ்ட் 20 அன்று, இங்கிருந்து சில மைல் தொலைவில், செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். விஞ்ஞானம் நம் வாசலிலேயே நடந்திருக்கிறது. ஆனால் தேங்கிய தண்ணீர் எந்தத் தெருவில் தேங்குகிறது என்பதை விஞ்ஞானி முடிவு செய்வதில்லை.

இப்போது லாலாகுடாவுக்கு வருவோம். வாடியிலிருந்து செகந்திராபாதுக்கு ரயில் 1874இல் வந்தது. நிஜாம் உத்தரவாத ரயில்வேயின் பணிமனை இங்கே 1893இல் ஏற்பட்டது. நம்மில் பலருடைய பாட்டன்மாரும் பூட்டன்மாரும் வயலை விட்டு, அல்லது வயலே இல்லாமல், இந்தத் தண்டவாளத்தைப் பிடித்து வந்தவர்கள். ஏன் வந்தார்கள் என்று வீட்டில் கேட்டால் "பஞ்சம்", "கடன்", "மழையில்லை" என்று ஒரு வார்த்தையில் பதில் வரும். அந்த ஒரு வார்த்தையின் விரிவுரைதான் உழவனின் சாட்டை. மராத்தியில் எழுதியிருந்தாலும் அது நம் குடும்பக் கதை.

நம்மைப் போன்ற குடியேறிகள் அன்று பம்பாயிலும் இருந்தார்கள். தெலங்கானாவிலிருந்து போன காமாட்டிகள், கட்டிட வேலைக்காரர்கள். காமாட்டிபுரம் என்ற பெயரே அவர்களால் வந்தது. அவர்களில் சிலர் ஒப்பந்ததாரர்களாக உயர்ந்தபோது, 1873இல் புலே தொடங்கிய சத்தியசோதக் சமாஜத்துக்குப் பொருளுதவி செய்து தோள் கொடுத்தார்கள். பிழைக்கப் போன இடத்தில், பாஷை வேறானாலும், அங்கே நடந்த நல்ல காரியத்தில் கை வைத்தவர்கள். 1888 மே 11 அன்று பம்பாய் மாண்ட்வியில் நடந்த கூட்டத்தில்தான் புலேக்கு 'மகாத்மா' என்ற பட்டம் கிடைத்தது.

ஆனால் நாம்? இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவோம். எங்கள் சிறுவயதில் நாங்கள் இருந்த ஒரு குடியிருப்பில் பின்சந்து முழுக்க எடுப்புக் கக்கூஸ். எந்தக் குடியிருப்பு என்பது வேண்டாம். விடியுமுன் ஓர் அம்மாள் தகரமும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு வருவார். அவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்தான், நம் பாஷைதான் பேசினார். தாகத்துக்குக் கேட்டால் எங்கள் வீட்டில் உயரத் தூக்கி, கையில் ஊற்றுவார்கள். பஞ்சப்படிக்கும் போனசுக்கும் அந்தத் தெருவில் எத்தனை மனு எழுதினோம்! எத்தனை முறை கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்டோம்! அந்த அம்மாளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று ஒரு மனுவிலும் ஒரு வரி இல்லை. மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. எடுப்புக் கக்கூஸ் இங்கே போய்விட்டது. சாக்கடைக் குழிக்குள் இறங்கி ஆட்கள் மூச்சு முட்டிச் சாகும் செய்தி மட்டும் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கிறது.

புலேயை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. மகாராணியின் அரசாங்கத்துக்கு உண்மை தெரிந்தால் திருத்திக்கொள்ளும் என்று அவர் நம்பியது அதிகம்தான். உழவனின் துன்பத்தில் குமாஸ்தாவின் பங்கை அவர் எடை போட்ட அளவுக்கு லண்டன் வியாபாரியின் பங்கை எடை போடவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் 1888இல் அரச குடும்பத்து கன்னாட் கோமகனுக்கு நடந்த விருந்தில், மற்றவர்கள் பட்டும் நகையுமாக இருக்க, கந்தைத் தலைப்பாகையோடு குடியானவன் வேடத்தில் போய் நின்று, நாட்டின் உண்மைக் குடிகள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவரை அடிவருடி என்று யாரும் சொல்ல முடியாது.

இன்று மூசி ஆற்றோரம் போய்ப் பாருங்கள். நகரத்தின் கழிவுநீரில் கீழ்ப்பக்கம் மாட்டுப்புல்லும் நெல்லும் விளைகின்றன. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பால்தான் நகரத்துக்குத் திரும்பி வருகிறது. லீபிக் கேட்ட வரவு செலவு ஒரு வகையில் நடக்கிறது, ஆனால் ஆலைக்கழிவும் கலந்து. முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் நிற்கும் பெண்களுக்குச் சொறி சிரங்கு. வேளாண்மைத் துறை அதைச் சுகாதாரப் பிரச்சினை என்கும், சுகாதாரத் துறை அதை வேளாண்மைப் பிரச்சினை என்கும். இரண்டு பாடத்தையும் ஒரே வகுப்பில் வைக்கச் சொன்ன மனுவின் அருமை அங்கே தெரிகிறது.

சங்கத்தின் மாலை வகுப்பில் இப்போது கணக்கும் ஆங்கிலமும் நடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் இந்த இரண்டையும் சேர்க்கலாமா என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். முதல் வேலையாகப் புலே சொன்னபடியே ஒரு வரைபடம் போட நினைக்கிறோம்: வடக்கு லாலாகுடாவிலும் தெற்கு லாலாகுடாவிலும் முன்பு கிணறுகள் எங்கெங்கே இருந்தன, எவை மூடப்பட்டன, மழைநீர் எந்த வழியாக ஓடிற்று, இப்போது எங்கே தேங்குகிறது என்று. மாணவர்கள் வீடு வீடாக வருவார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள் நினைவிலிருப்பதைச் சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளர் வீடுகளுக்கு முதலில் போகச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் நம் தெருச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்கே தெரியும். அடுத்த கூட்டத்தில் 1882 மனுவை முழுவதும் படிக்கிறோம். தமிழில் நாங்கள் படிப்போம், தெலுங்கில் சொல்ல மெட்டுகுடாத் தோழர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு நண்பர்களையும் அழைத்து வாருங்கள். கூட்டம் மாலை ஆறு மணிக்கு.